வாயுவை மருந்தாக்க முயன்ற வரலாறு



மூட்டுகளில் நாட்பட்ட வீக்கமும் வலியும் உடைய ஒருவர் நம் வீட்டில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். காலையில் எழுந்ததும் அவரால் விரல்களை மடக்க இயலாது. மாடிப்படி ஏற இயலாது. மருந்து உண்டால் துன்பம் சற்றே தணியும்; மருந்தை விட்டால் மீண்டும் மூளும். அவரிடம் அண்டை வீட்டார் ஒருவர் வந்து, "ஹைட்ரஜன் கலந்த தண்ணீர் விற்கிறார்கள். அதைப் பருகினால் உடலிலுள்ள அழற்சியெல்லாம் அடங்கிவிடுமாம். ஜப்பானிலே ஆராய்ந்து கண்டிருக்கிறார்கள்" என்று கூறுகிறார். உடனே வீட்டார், படித்த பிள்ளையாகிய உங்களைப் பார்த்து, "இது மெய்தானா?" என்று கேட்கிறார்கள். நீங்கள் என்ன விடை கூறுவீர்கள்?

"மெய்" என்பதற்கும் சில சான்றுகள் உண்டு. "பொய்" என்று ஒரே சொல்லில் ஒதுக்குவதும் அறிவுடைமை ஆகாது. ஆயினும் நோயாளியின் காசும் காலமும், எல்லாவற்றுக்கும் மேலாக அவருடைய மூட்டுகளும், உங்கள் விடையைப் பொறுத்திருக்கின்றன. வாயுவினால் நோயைத் தீர்க்கலாம் என்ற நம்பிக்கை இன்று நேற்றுத் தோன்றியதன்று. அதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. அந்த வரலாற்றை அறிந்தவருக்கு இந்தக் கேள்விக்கு விடை கூறுவது அவ்வளவு கடினமன்று. அதனையே இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

ஹைட்ரஜன் வாயுவை முதன் முதல் தனித்ததொரு பொருளாக ஆராய்ந்தவர் ஹென்றி கேவண்டிஷ் என்னும் ஆங்கில விஞ்ஞானி. இரும்பு, துத்தநாகம் போன்ற உலோகங்களை அமிலத்தில் இட்டபோது எழுந்த வாயுவை அவர் சேகரித்து, அதன் எடையையும் இயல்பையும் அளந்து, 1766-ஆம் ஆண்டில் இலண்டன் ராயல் கழகத்தின் வாயிலாக வெளியிட்டார். அது எளிதில் தீப்பற்றியமையால் 'எரியும் வாயு' என்றே அதனை அழைத்தனர். அவ்வாயு எரிந்தால் நீர் உண்டாகிறது என்பது 1783-இல் தெளிவாயிற்று. பிரெஞ்சு விஞ்ஞானியாகிய லவாய்ஸியர், நீரைப் பிறப்பிப்பது என்ற பொருள்படும் ஹைட்ரஜன் என்ற பெயரை வழங்கினார்.

அந்த 1783-ஆம் ஆண்டு பாரிஸ் நகர மக்களுக்கு மறக்க முடியாத ஆண்டு. ஹைட்ரஜன் காற்றைக் காட்டிலும் ஏறத்தாழ 14 மடங்கு இலேசானது. ஜாக் சார்ல்ஸ் என்பவர் அதனைப் பட்டுத் துணியாலான கூண்டில் நிரப்பி, டிசம்பர் முதல் தேதியன்று தாமே அதில் ஏறி வானத்தில் உலவினார். பிலாத்ர் தெ ரோஸியே என்ற துணிவுமிக்க இளைஞரோ இன்னும் ஒருபடி மேலே சென்றார். அவர் ஹைட்ரஜனை நெஞ்சு நிரம்ப உள்ளிழுத்து, எரியும் சுடரின் மீது ஊதிக் காட்டுவார். வாயிலிருந்து தீ எழும். ஒருமுறை காற்றுடன் கலந்த ஹைட்ரஜனை அவ்வாறு ஊதியபோது அது வெடித்து, பற்களெல்லாம் போயின என்றே அவர் அஞ்சும்படி ஆயிற்று. 1785-இல் ஆங்கிலக் கால்வாயைக் கடக்கப் புறப்பட்ட அவரது ஹைட்ரஜன் கூண்டு வானிலே சிதைந்து வீழ்ந்தது. அவர் உயிர் துறந்தார்.

இச்செய்தியில் நாம் நினைவிற் கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. ஹைட்ரஜனை உள்ளிழுத்த மனிதர் அதன் நஞ்சினால் மாளவில்லை. அதனால் வந்த ஆபத்து தீயினால் வந்த ஆபத்தே. மூச்சில் இழுத்தாலும் கேடு செய்யாத வாயு நன்மை செய்யவும் கூடுமோ என்ற எண்ணம் அக்காலத்து மருத்துவர் சிலருக்கு எழுந்தது. பிராணவாயு, கரியமிலவாயு என்று ஒன்றன்பின் ஒன்றாகப் புதிய வாயுக்கள் வெளிப்பட்டுக்கொண்டிருந்த காலம் அது. வயிற்றின் வழியே மருந்து செல்வதுபோல நுரையீரலின் வழியே ஏன் மருந்து செல்லக்கூடாது என்று அவர்கள் வினவினர்.

அவர்களில் தலையாயவர் தாமஸ் பெடோஸ். ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழகத்தில் இரசாயனம் போதித்தவர். பிரெஞ்சுப் புரட்சியிடம் பரிவு காட்டியமையால் அங்கே நிலைக்க இயலாமல் 1793-இல் பிரிஸ்டல் நகருக்குக் குடிபெயர்ந்தவர். பிரிஸ்டலை அடுத்த ஹாட்வெல்ஸ் என்ற இடத்தில் வெந்நீரூற்று ஒன்று இருந்தது. க்ஷய நோயாளிகள் கடைசி நம்பிக்கையாக அங்கே வந்து சேர்வார்கள். அவர்களிற் பலர் ஊர் திரும்புவதில்லை. அந்நோய்க்கு அன்று மருந்தே கிடையாது. க்ஷயம் உள்ளவரின் கன்னம் சிவந்திருப்பதைக் கண்டு, அவர் உடலில் பிராணவாயு மிகுந்துவிட்டது என்று பெடோஸ் கருதினார். ஆகவே, பிராணவாயு குறைந்த காற்றை அவர்களுக்கு ஊட்டவேண்டும் என்று முடிவு செய்தார். அதற்கென ஹைட்ரஜனையும் வேறு வாயுக்களையும் கலந்து கொடுத்துப் பார்த்தார். நோயாளிகள் சிலரை மாட்டுக் கொட்டிலில் தங்கவைத்து, மாடுகள் விடும் மூச்சுக்காற்றைச் சுவாசிக்கச் செய்ததும் உண்டு.

பெடோஸுக்குத் துணையாக வந்தவரின் பெயரைக் கேட்டால் நீங்கள் வியப்படைவீர்கள். அவர் நீராவி எந்திரத்தைச் செம்மைப்படுத்திய ஜேம்ஸ் வாட். வாட்டின் மகள் ஜெஸி 1794-ஆம் ஆண்டு, பதினைந்தாம் வயதில், க்ஷயத்தால் இறந்தாள். அவருடைய இளைய மகனிடமும் அந்நோயின் குறி தென்பட்டது. துயரத்தில் மூழ்கிய தந்தை தம் கைத்திறனையெல்லாம் இப்பணிக்குத் திருப்பினார். வாயுக்களை உண்டாக்கவும், கழுவவும், பையில் அடைக்கவும் ஏற்ற கருவி ஒன்றை அமைத்தார். அவருடைய தொழிற்சாலை அக்கருவியை மருத்துவர்களுக்கு விற்கவும் செய்தது. பெடோஸும் வாட்டும் சேர்ந்து எழுதிய நூல் 1794 முதல் 1796 வரை பகுதி பகுதியாக வெளிவந்தது.

அக்கருவியில் விளைந்த வாயுக்களுள் ஒன்று, பழுக்கக் காய்ச்சிய கரியின்மீது நீராவியைச் செலுத்திப் பெறுவது. அதனை ஒருவகை ஹைட்ரஜன் என்றே அவர்கள் மதித்தனர். உண்மையில் அதில் ஹைட்ரஜனோடு கார்பன் மோனாக்ஸைடு என்னும் கொடிய நஞ்சும் கலந்திருந்தது. இரத்தத்திலுள்ள செம்பொருளைப் பற்றிக்கொண்டு, பிராணவாயுவுக்கு இடமில்லாதபடி செய்துவிடும் வாயு அது. அது கன்னத்தைச் சிவக்கச் செய்யும், தலையைச் சுழற்றும், அளவு மிகுந்தால் உயிரைப் போக்கும். ஆனால் அக்காலத்தில் இதனை அறிந்தவர் எவருமில்லை. நல்லெண்ணம் மிக்க இருவர் தங்கள் அருமை நோயாளிகளுக்கு நஞ்சை அளந்து கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

1799-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் ஹாட்வெல்ஸில் பெடோஸ் வாயு மருத்துவ நிலையம் ஒன்றைத் திறந்தார். வெட்ஜ்வுட் குடும்பத்தார் முதலிய செல்வர்கள் பொருளுதவி செய்தனர். ஏழைகளுக்கு அங்கே இலவச மருத்துவம். ஆராய்ச்சிப் பொறுப்பை ஏற்றவர் இருபது வயது இளைஞரான ஹம்ப்ரி டேவி; பிற்காலத்தில் சோடியம், பொட்டாசியம் ஆகிய தனிமங்களைக் கண்டு உலகப் புகழ் எய்தியவர். டேவி தம் உடலையே ஆராய்ச்சிக்கூடமாக ஆக்கிக்கொண்டார். நைட்ரஸ் ஆக்ஸைடைச் சுவாசித்து, அது களிப்பூட்டுவதைக் கண்டார். ஹைட்ரஜனையும் சுவாசித்துப் பார்த்தார். ஒருநாள் வாட் கருவியின் அந்த நீராவிக்கரி வாயுவைக் காற்றுக் கலவாமல் இழுத்தார். மூன்றாவது மூச்சில் நெஞ்சு அடைத்தது, உணர்வு மங்கியது, குழாய் வாயிலிருந்து நழுவி வீழ்ந்தது. அது நழுவியதனால்தான் அவர் பிழைத்தார். தம் நாடியைத் தாமே பார்த்துக்கொண்டார், நூலிழைபோல ஓடியதாம்; பின்னர் தள்ளாடித் தோட்டத்திற்குச் சென்றார்.

இவ்வளவு முயன்றும் க்ஷயம் தணியவில்லை. டேவி 1801-இல் இலண்டனுக்குச் சென்றுவிட்டார். வாயு மருத்துவ நிலையம் சில ஆண்டுகளில் வாயுவைக் கைவிட்டுச் சாதாரண மருத்துவ நிலையமாக மாறியது. வாட்டின் இளைய மகனும் 1804-இல் மறைந்தார். பெடோஸ் 1808-இல் மனம் சோர்ந்த நிலையிலே காலமானார். அவரது முயற்சி முற்றும் வீணாயிற்று என்று சொல்லிவிட முடியாது. நைட்ரஸ் ஆக்ஸைடு வலியை அடக்குவதாகக் காண்பதால் அறுவைச் சிகிச்சையில் அதனைப் பயன்படுத்தலாம் என்று டேவி 1800-ஆம் ஆண்டு நூலில் எழுதிவைத்தார். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அதனை எவரும் பொருட்படுத்தவில்லை. 1844-இல்தான் அமெரிக்கப் பல் வைத்தியர் ஹோரஸ் வெல்ஸ் அதனைக் கையாளத் தொடங்கினார். எந்த நோய்க்காகத் தேடினார்களோ அதற்கு வாயு உதவவில்லை. தேடாத இடத்தில் உதவிற்று.

பெடோஸின் தவறு எங்கே இருந்தது? கருணையில் குறைவில்லை; உழைப்பில் குறைவில்லை; அறிவிலும் குறைவில்லை. ஒரு நோயாளி தேறினால், வாயுவினால் தேறினாரா, தாமாகவே தேறினாரா, தேறுவோம் என்ற நம்பிக்கையினால் அப்படி உணர்ந்தாரா என்று பிரித்தறிய அவரிடம் வழியில்லை. அந்த வழி அதே 1799-ஆம் ஆண்டில், பிரிஸ்டலிலிருந்து இருபது கிலோமீட்டர் அளவே தொலைவிலுள்ள பாத் நகரில் கையாளப்பட்டது என்பது வரலாற்றின் விந்தை.

அக்காலத்தில் அமெரிக்கரான எலிஷா பெர்க்கின்ஸ் என்பவர் இரண்டு உலோகக் கோல்களுக்குக் காப்புரிமை பெற்றிருந்தார். வலியுள்ள இடத்தில் அவற்றை வைத்து இழுத்தால் கீல்வாதம் முதலியன அகலும் என்றார். இங்கிலாந்தில் ஒரு ஜோடி ஐந்து கினி விலைக்கு விற்றது, வாங்கியவர் பலர், குணமானதாகச் சான்றளித்தவரும் பலர். ஜான் ஹேகார்த் என்ற மருத்துவர் பாத் நகர மருத்துவமனையில் நாட்பட்ட வாதத்தால் வருந்திய ஐவரைத் தேர்ந்தார். உலோகக் கோலைப் போலவே நிறம் தீட்டிய மரக்கோல்களால் அவர்களைத் தடவினார். நால்வர், வலி மிகக் குறைந்தது என்றனர்! மறுநாள் உண்மையான உலோகக் கோல்களால் தடவியபோதும் ஏறக்குறைய அதே விளைவுதான் கிட்டியது. நோயாளிகள் பொய் சொல்லவில்லை. அவர்கள் மெய்யாகவே சுகம் கண்டார்கள். ஆனால் அந்தச் சுகம் உலோகத்திலிருந்து வரவில்லை, மனத்திலிருந்து வந்தது. 1800-இல் ஹேகார்த் இதனை நூலாக வெளியிட்டார்.

நண்பர்களே, ஹேகார்த் ஆராய்ந்த நோய் எது என்பதைக் கவனியுங்கள். அது மூட்டுகளில் வரும் நாட்பட்ட வலி. அத்தகைய வலி ஒருநாள் ஏறும், ஒருநாள் இறங்கும். ஏறிய நாளில் நோயாளி புதுமருந்தைத் தேடுவார். இறங்கும் நாளில் அம்மருந்தைப் புகழ்வார். ஆகவே, நாட்பட்ட அழற்சிக்கு மருந்து என்று எதனைக் கொண்டுவந்தாலும் அதற்கு மரக்கோல் சோதனை இன்றியமையாதது.

இச்சோதனை முறை செம்மையுற்று வளர்ந்ததில் நம் சென்னைக்கும் பங்குண்டு. பெடோஸைத் தோற்கடித்த க்ஷயத்திற்கு நுண்கிருமியே காரணம் என்று 1882-இல் ராபர்ட் காக் நிலைநாட்டினார். அதன் பின்னும், நல்ல காற்றே க்ஷயத்திற்கு மருந்து என்ற எண்ணம் மறையவில்லை. 1928-இல் தாம்பரத்தில் எழுந்த சானடோரியம் அத்தகைய எண்ணத்தின் சின்னம். அப்பெயர் இன்றும் ஒரு ரயில் நிலையத்திற்கு வழங்கி வருகிறது. 1940-கள் முதல் கிருமியைக் கொல்லும் மருந்துகள் வந்தன. 1956-இல் சென்னையில் நிறுவப்பட்ட க்ஷயரோக ஆராய்ச்சி நிலையத்தார் ஒரு கேள்வி எழுப்பினர்: மருந்து கையில் இருக்கும்போது சானடோரியக் காற்றும் ஓய்வும் தேவைதானா? 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு கூறாகப் பிரித்தனர். ஒரு கூறு சானடோரியத்தில். மறு கூறு நெருக்கடியான ஏழை வீடுகளில். இரு கூறுக்கும் ஒரே மருந்து, ஓராண்டு. 1959-இல் முடிவு வெளியாயிற்று. வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு தேறியிருந்தார்கள். அந்த முடிவினால் உலகெங்கும் இலட்சக்கணக்கான ஏழைகள் குடும்பத்தைப் பிரியாமல் மருத்துவம் பெற வழி பிறந்தது. நோயைத் தீர்த்தது மருந்து, காற்று அன்று. இதனை ஊகத்தினால் கண்டிருக்க முடியாது. ஒப்பிட்டுப் பார்த்ததனால்தான் காண முடிந்தது.

இனி ஹைட்ரஜனிடம் திரும்புவோம். பெடோஸுக்குப் பின் அது நெடுங்காலம் மருத்துவத்தில் மருந்தாக மதிக்கப்படவில்லை. 1888-இல் அமெரிக்க அறுவை மருத்துவர் நிக்கலஸ் சென், துப்பாக்கிக் குண்டு பாய்ந்தவரின் குடலில் துளை உண்டா என்று அறிய ஹைட்ரஜனைக் குடலுக்குள் செலுத்திப் பார்த்தார். ஆனால் அது நோயறியும் கருவியாக மட்டுமே பயன்பட்டது. பின்னர் ஆழ்கடலில் மூழ்குவோர் அதனை நாடினர். மிகுந்த அழுத்தத்தில் சாதாரணக் காற்று அடர்ந்து மூச்சுக்குச் சுமையாகிறது. அதிலுள்ள நைட்ரஜன் மயக்கம் தருகிறது. ஆகவே இலேசான ஹைட்ரஜனோடு, தீப்பற்றாத அளவு சிறிதே பிராணவாயு சேர்த்துச் சுவாசிக்கலாம் என்று ஸ்வீடன் நாட்டுப் பொறியியலாளர் ஆர்னே ஸெட்டர்ஸ்ட்ரோம் 1940-களில் செய்து காட்டினார். 1945-இல் 160 மீட்டர் ஆழம் சென்று மீளும்போது, மேலே கயிற்றை இயக்கியவர்களின் பிழையால் அவர் மாண்டார், பிழை வாயுவினுடையதன்று. 1992-இல் பிரான்ஸில் ஒருவர் ஹைட்ரஜன் கலந்த வாயுவைச் சுவாசித்து, அழுத்த அறையில் 701 மீட்டர் ஆழத்துக்குச் சமமான நிலையை எட்டினார். ஹைட்ரஜன் மனிதருக்கு நஞ்சன்று என்பதற்கு இவை தக்க சான்றுகள்.

இதற்கிடையே 1975-இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள், தோல் புற்றுநோய் கொண்ட எலிகளை எட்டு மடங்கு காற்றழுத்தத்தில் ஹைட்ரஜன் மிக்க வாயுவில் இரு வாரம் வைத்து, கட்டிகள் சுருங்கியதாக அறிவித்தனர். 2001-இல் பிரான்ஸில், ஒட்டுண்ணிப் புழுவினால் ஈரலில் நாட்பட்ட அழற்சி கண்ட எலிகளை அழுத்தம் மிக்க ஹைட்ரஜனில் வைத்தபோது அழற்சி தணிந்தது. நம் தலைப்புக்கு நேரான முதல் சான்று இதுவே எனலாம்.

அழற்சி என்றால் என்ன என்பதை இங்கே சுருக்கமாகக் காண்போம். சிவப்பு, வீக்கம், வெப்பம், வலி என்ற நான்கு குறிகளையும் ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்கு முன்பே ரோமானியரான செல்ஸஸ் எழுதிவைத்திருக்கிறார். முள் தைத்தால் அவ்விடத்திற்கு வெள்ளணுக்கள் விரைந்து வருகின்றன. அவை பிராணவாயுவிலிருந்து மிகக் கடுமையான சில பொருள்களை ஆக்கிக் கிருமிகளைத் தாக்குகின்றன. கிருமி மாண்டதும் போர் ஓய வேண்டும். ஓயாமல் மாதக்கணக்கில் நீடித்தால் அது நாட்பட்ட அழற்சி. பகைவன் போன பின்னும் படைவீரர் ஊரைக் கொளுத்துவது போல, அக்கடும் பொருள்கள் உடலின் சொந்தத் திசுக்களையே சிதைக்கின்றன. முடக்குவாதத்தில் மூட்டு தேய்வதும் இத்தகைய போரினால்தான்.

அக்கடும் பொருள்களுள் மிகவும் கொடியது ஹைட்ராக்ஸில் என்னும் தனியுறுப்பு. மற்றவற்றை அடக்க உடலில் நொதிகள் உண்டு. இதனை அடக்க நொதி எதுவும் இல்லை. ஜப்பானில் ஷிகேயோ ஓடா என்பவரும் உடனுழைத்தோரும் 2007-ஆம் ஆண்டு ஒரு கட்டுரை வெளியிட்டனர். ஹைட்ரஜன் இந்த ஹைட்ராக்ஸிலைத் தேர்ந்து அடக்குகிறது என்றும், உடலுக்குப் பயன்படும் மற்றவற்றைத் தொடுவதில்லை என்றும், மூளைக்கு இரத்தம் தடைப்பட்ட எலிகள் நூற்றுக்கு இரண்டு பங்கு ஹைட்ரஜன் கலந்த காற்றைச் சுவாசித்தபோது மூளைச் சேதம் குறைந்தது என்றும் கூறினர். காற்றில் நூற்றுக்கு நான்கு பங்குக்குக் குறைந்த ஹைட்ரஜன் தீப்பற்றாது. ஆகவே இந்த அளவில் வெடிக்கும் அச்சமும் இல்லை. உலகெங்கும் ஆராய்ச்சி பெருகியது. விற்பனையும் பெருகியது. ஆனால் ஹைட்ரஜன் ஹைட்ராக்ஸிலோடு சேரும் வேகம், உடலின் பிற பொருள்கள் அதனோடு சேரும் வேகத்தை நோக்க மிகக் குறைவு என்று இரசாயன அறிஞர் எடுத்துக்காட்டினர். எவ்வழியாக ஹைட்ரஜன் செயலாற்றுகிறது என்பது இன்னும் தீராத வழக்கே.

எலிகளை விட்டு மனிதரிடம் வருவோம். 2012-இல் ஜப்பானில் முடக்குவாத நோயாளிகள் 20 பேர் ஹைட்ரஜன் மிக்க நீரை நான்கு வாரம் பருகினர். சிலகாலம் நிறுத்தி, மீண்டும் நான்கு வாரம் பருகினர். நோயின் அளவு குறைந்தது. ஆனால் ஹைட்ரஜன் இல்லாத நீரைப் பருகிய கூட்டம் ஒன்று ஒப்பிடுவதற்கு இல்லை. அதாவது, மரக்கோல் இல்லை. 2014-இல் அதே ஆராய்ச்சியாளர்கள் 24 பேரை இரு கூறாக்கி, ஒரு கூறுக்கு ஹைட்ரஜன் கலந்த உப்புநீரையும் மறு கூறுக்கு வெறும் உப்புநீரையும் நரம்பு வழியே ஐந்து நாள் செலுத்தினர். ஹைட்ரஜன் பெற்றோர் தேறினர். நல்ல செய்திதான், ஆனால் 24 பேர், ஐந்து நாள் என்பது, ஆண்டுக்கணக்கில் நீளும் நோய்க்குப் போதிய சான்றாகுமா?

சிறு சோதனையை நம்பினால் என்ன நேரும் என்பதற்கு வேறொரு நோயிலிருந்து சான்று காட்டலாம். நடுக்குவாதம் உடைய 17 பேரைக் கொண்ட சோதனையில் ஹைட்ரஜன் நீர் நன்மை செய்ததாக 2013-இல் செய்தி வந்தது. அதே நாட்டு மருத்துவர்கள் அதனோடு நிற்கவில்லை. 178 பேரைத் திரட்டி, யார் பருகுவது எந்த நீர் என்று நோயாளியும் மருத்துவரும் அறியாதபடி 72 வாரம் சோதித்தனர். 2018-இல் வந்த முடிவு: இரு கூறுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. தங்கள் சொந்த நம்பிக்கையைத் தாங்களே சோதித்து, தோல்வியை மறைக்காமல் வெளியிட்ட அம்மருத்துவர்களை நாம் வணங்க வேண்டும்.

இதயம் நின்று மீண்டும் துடிக்கத் தொடங்கிய நோயாளிகளிடம் நடந்த சோதனையும் அறியத்தக்கது. ஜப்பானில் 15 மருத்துவமனைகளில், 360 பேரைச் சேர்ப்பது என்ற திட்டத்துடன் தொடங்கியது. கொரோனா பெருந்தொற்றினால் 73 பேருடன் நின்றுவிட்டது. 2023-இல் முடிவு வெளியாயிற்று. மூளை நல்ல நிலையில் தேறியவர் ஹைட்ரஜன் பெற்றோரில் நூற்றுக்கு 56, பெறாதோரில் 39. எண்ணிக்கை சிறிதானமையால் இவ்வேறுபாடு தற்செயலாகவும் இருக்கலாம் என்று கணிதம் கூறியது. 90 நாள் உயிர்வாழ்ந்தோர் நூற்றுக்கு 85-உம் 61-உம். இது தற்செயல் என்று எளிதில் ஒதுக்கக் கூடியதன்று. கதவு மூடவில்லை, முழுதும் திறக்கவும் இல்லை.

இன்னும் ஒரு சிறு கணக்கு. சாதாரண அழுத்தத்தில் ஒரு லிட்டர் நீரில் கரையக்கூடிய ஹைட்ரஜன் சுமார் 1.6 மில்லிகிராம், வாயுவாக அளந்தால் ஏறத்தாழ 18 மில்லிலிட்டர். நம் குடலில் வாழும் நுண்ணுயிர்கள், நாம் செரிக்காத மாவுப் பொருளைப் புளிக்கச் செய்து ஹைட்ரஜனை உண்டாக்குகின்றன. அதில் ஒரு பகுதி இரத்தத்தில் கலந்து மூச்சிலும் வெளிவருகிறது. மொச்சையும் பயறும் நன்றாக உண்ட நாளில் குடல் ஆக்கும் ஹைட்ரஜன், அந்த ஒரு லிட்டர் நீரிலுள்ளதை விட அதிகமாக இருக்கும். திறந்துவைத்த நீரிலிருந்தோ வாயு விரைவில் வெளியேறிவிடும். ஒரு புட்டியின் விலையைக் கேட்கும்போது இந்தக் கணக்கையும் நினைத்துக்கொள்ள வேண்டும்.

தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு இப்போது விடை கூறலாம். வீட்டிலிருக்கும் அந்த நோயாளியிடம், நீங்கள் இவ்வாறு சொல்லுங்கள்: "ஹைட்ரஜன் அழற்சியைத் தணிப்பதாக எலிகளிடத்தில் பல சான்றுகள் உண்டு, மனிதரிடத்தில் சிறு சோதனைகள் சில உண்டு. பெரிய சோதனைகளில் நிலைநாட்டப்பட்டு, உலக மருத்துவர் ஒருமுகமாக ஏற்ற சிகிச்சையாக அது இன்னும் ஆகவில்லை. அந்த நீரைப் பருகுவதால் கேடு வந்ததாகச் சோதனைகளில் தெரியவில்லை. ஆனால் அதனை நம்பி மருத்துவர் தந்த மருந்தை ஒருநாளும் நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் தேய்ந்த மூட்டு திரும்பி வராது. ஹைட்ரஜனை உண்டாக்கும் கருவியை வீட்டில் அடுப்பருகே வைக்காதீர்கள். அது எரியும் வாயு என்பதை இருநூற்றைம்பது ஆண்டுகளாக உலகம் அறியும்."

இந்த விடை அந்த நோயாளிக்கு ஏமாற்றம் தரக்கூடும். உறுதியாக ஒரு சொல் கேட்கவே அவர் விரும்புவார். ஜேம்ஸ் வாட்டும் மகளின் படுக்கையருகே அதையே விரும்பியிருப்பார். அந்த ஆவலை நாம் எள்ளி நகையாடலாகாது. அந்த ஆவலே ஆராய்ச்சிக்கு வித்து. ஆனால் ஆவல் மிகுந்த இடத்தில்தான் சோதனையும் மிகவேண்டும். பிரிஸ்டலில் பெடோஸுக்கு இருந்தது நம்பிக்கை. பாத் நகரில் ஹேகார்த்தின் கையில் இருந்தது மரக்கோல். இரண்டும் ஒரே கையில் சேரும் நாளில்தான் வாயு மருந்தா, வெறும் வாயுவா என்பது விளங்கும். உங்களுள் சிலர் மருத்துவராவீர்கள், சிலர் ஆராய்ச்சியாளராவீர்கள். அந்தச் சோதனைகளில் சிலவற்றை நடத்தும் பொறுப்பு உங்களுடையதாகவும் இருக்கலாம். அப்போது கிடைக்கும் முடிவு நீங்கள் விரும்பியதாயினும் விரும்பாததாயினும், உள்ளதை உள்ளபடி உலகுக்குச் சொல்லுங்கள்.